நாலு தடவையா, அஞ்சு தடவையா

ஆலையில் அவருக்கு ஜோசியர் என்று பெயர். வைத்தவர், பின்னாளில் அவருக்கே மச்சானாகிப் போனவர். "கட்டம் போடுறான், இனிமே என்ன நடக்கும்னு சொல்றான், தப்பிப்போச்சுன்னா தலையைச் சொறியறான். இவனை வேற என்னன்னு கூப்பிடுறது?" என்று சாப்பாட்டுக் கூடத்தில் பத்துப் பேர் நடுவில் அந்த மனிதர் கேட்ட அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. தொட்டிக் கூடத்து ஆட்கள் வழியில் பார்த்தால், "ஜோசியரே, எங்க பதினேழாம் நம்பருக்குச் சனி விட்டுச்சா?" என்பார்கள். ஜோசியர் தலையைக் குனிந்து சிரித்தபடி சுவரோரமாகவே நடந்து போய்விடுவார்.

அது அலுமினியம் உருக்கும் ஆலை. தொட்டிக் கூடம் என்பது ஒரு நீண்ட கொட்டகை. இரண்டு வரிசையில் நூற்றிருபது தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன அறை அளவு. தொட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு உருகிய அலுமினியம், அதன்மேல் உருகிய உப்பு. மேலேயிருந்து பெரிய கரிக்கட்டைகள் அந்த உப்புக்குள் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். கரி வழியாக உப்புக்கும் உப்பு வழியாக உலோகத்துக்கும் மின்சாரம் இறங்கும். ஒரு லட்சம் ஆம்பியர். நம் வீட்டுக்கு வருகிற மின்சாரம் அதன் முன்னால் கொசுக்கடி. அவ்வளவு மின்சாரம் ஓடுகிற இடத்தில் காந்தமும் குடியிருக்கும். சாவிக்கொத்து இடுப்பிலிருந்து விலகி எங்கேயோ பார்த்து நிற்கும். உள்ளங்கையில் ஊசிகளைக் கொட்டினால் எழுந்து நின்றுகொள்ளும். வாட்ச் நின்றுபோகும் என்பதால் எல்லோரும் அதைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவோடு வாசலிலேயே வைத்துவிடுவார்கள்.

மின்சாரமும் காந்தமும் சேர்ந்தால் உலோகம் சும்மா இருக்காது. சுற்றும், ஒரு பக்கம் மேடாகும், இன்னொரு பக்கம் பள்ளமாகும். கரிக்கட்டைக்கும் உலோகத்துக்கும் நடுவே விடுகிற இடைவெளி நாற்பத்தெட்டு மில்லிமீட்டர். அதைக் குறைத்தால் மின்சாரம் வீணாகச் சூடாவது குறையும். ரொம்பக் குறைத்தால், அகலமான தட்டில் தண்ணீர் ஏந்திப் போகிறவனுக்குக் கால் தடுமாறின மாதிரி உள்ளே உலோகம் ஆட ஆரம்பித்துவிடும். எவ்வளவு குறைக்கலாம்? தொள்ளாயிரத்து ஐம்பது டிகிரியில் எட்டிப் பார்த்துச் சொல்ல எவனாலும் முடியாது. அதைச் சொல்வதுதான் ஜோசியரின் வேலை.

சின்ன வயதில் வாளி நிரம்புகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்று, குழாயை மூட மறந்து முதுகில் வாங்கியவர். கணக்குப் படித்துவிட்டு வந்தவருக்கு ஆலையின் இரண்டாம் மாடியில் ஒரு ஜன்னலும் ஒரு கணினியும் கொடுத்திருந்தார்கள். தொட்டியைக் கணினிக்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பார். நேரத்தையும் துண்டு துண்டாக நறுக்குவார். ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு கட்டத்திடமும் அதே கேள்விகள்: மின்சாரம் எந்தப் பக்கம் போகிறது, காந்தம் எவ்வளவு, இரண்டும் சேர்ந்து எந்தப் பக்கம் தள்ளுகின்றன, தள்ளியதில் உலோகத்தின் மேற்பரப்பு எங்கே எழுந்தது? மேற்பரப்பு எழுந்ததும் மின்சாரம் போகிற வழி மாறியிருக்கும். மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். தொட்டியில் பத்து நிமிடம் நடப்பதைச் சொல்ல அந்தக் காலத்துக் கணினிக்கு ஐந்து நாள் பிடித்தது. ஜோசியருக்கு அதில் வருத்தமில்லை. காத்திருப்பது அவருக்குச் சுபாவமாகவே வரும்.

மச்சான் நேர் எதிர். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்து, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஒரு மாடி அறையில் மூன்று வருடம் சேர்ந்து குடியிருந்தார்கள். மச்சானுக்குத் தொட்டிக் கூடத்தில் வேலை. தொட்டி போடுகிற முனகலைக் கேட்டே வோல்ட் எவ்வளவு என்று சொல்வார். மீட்டரைப் பார்த்தால் சரியாக இருக்கும். "அவனுக்குக் கையில கண்ணு இருக்குடா" என்று மேஸ்திரியே சொல்வாராம். ஒருநாள் துணி காயப்போடும்போது, இருந்திருந்தாற்போல, "மாப்ளேன்னு கூப்பிடலாமான்னு யோசிக்கிறேன்" என்றார் மச்சான். ஜோசியருக்குப் புரியவில்லை. "என் தங்கச்சியும் உன்னை மாதிரிதான், வாயைத் திறக்காது. ரெண்டு பேரும் பேசாமலே இருந்தீங்கன்னா சண்டைக்கே வழியில்ல பாரு." அப்படித்தான் கல்யாணம் ஆனது. உண்மையிலேயே சண்டை அதிகம் வரவில்லை.

வேலையில் ஜோசியருக்கு ஒரு பெருமை உண்டு. காந்தக் கோடுகளுக்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். ஆனால் கட்டம் கட்டமாக வெட்டும்போது கோடு எங்கேயாவது ஒரு மூலையில் அறுந்துவிடும். கடுகளவு கசிவுதான். அது கணக்குக்குள் வளர்ந்து வளர்ந்து, இல்லாத ஒரு விசையை உண்டாக்கி, எல்லா எண்களையும் வானத்துக்குத் தூக்கியடிக்கும். கடைசியில் திரை முழுக்க, 'இது எண்ணே அல்ல' என்று பொருள்படும் மூன்று எழுத்துகள் மட்டும் வரிசையாக நிற்கும். நான்கு மாதம் அந்த மூன்று எழுத்துகளோடு மல்லுக்கட்டி, கோடு அறுந்துபோகாத மாதிரி ஒரு முறையைக் கண்டுபிடித்துப் பொருத்தினார். அந்த நான்கு மாதத்தில் அவருக்குள் ஒரு பாடம் பதிந்துபோனது: கணக்கு வெடித்தால் தப்பு கணக்கில்தான் இருக்கும், தொட்டியில் இருக்காது. அவருடைய வாழ்க்கையைக் குட்டிச்சுவராக்கியது அந்தப் பாடம்தான்.

மேலாளருக்குத் திங்கட்கிழமை என்று பெயர். எதைக் கேட்டாலும் திங்கட்கிழமைக்குள் கேட்பார். "நாற்பது மில்லிமீட்டர் தாங்குமான்னு சொல்லுங்க. தாங்கும்னா பதினேழாம் நம்பர்ல பரீட்சை பார்த்துடலாம். திங்கட்கிழமை" என்றார். ஜோசியர் கணக்கை ஓட்டினார். நான்கு நாள் ஒழுங்காகப் போய், ஐந்தாம் நாள் காலை வந்து பார்த்தால் திரை முழுக்க அந்த மூன்று எழுத்துகள்.

அவருக்கு அலுத்துப்போயிற்று. மறுபடியும் எங்கேயோ கசிவு என்று நினைத்தார். உண்மையில் ஆடுகிற தொட்டியும் உளறுகிற கணக்கும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும். எண்கள் ஏறும், இறங்கும், அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும், வெடிக்கும். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. நேரத் துண்டைப் பாதியாக வெட்டி மறுபடி ஓட்ட வேண்டும். கணக்கின் உளறல் என்றால் ஆட்டம் மாறிவிடும், அநேகமாகக் காணாமலே போகும். தொட்டியின் ஆட்டம் என்றால் துளிகூட மாறாமல் அதே வேகத்தில் வளரும். இது அந்தத் தொழிலில் முதல் வருடத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம். ஆனால் பாதித் துண்டு என்றால் பத்து நாள். அன்று புதன்கிழமை.

ஜோசியர் பாகு சேர்த்தார். அவர்கள் தொழிலில் எல்லோரும் எப்போதாவது செய்கிற காரியம்தான். கணக்குக்குள் இருக்கிற திரவத்தை நிஜத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக்கிவிட்டால் தேவையில்லாத துள்ளல்கள் அடங்கிவிடும். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். மாற்றிவிட்டு, பக்கத்தில் 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பு எழுதினார். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது, கணக்குக்குள் உலோகம் மதியத் தூக்கம் போடுகிற மாதிரி படுத்துக் கிடந்தது. நாற்பது தாங்கும் என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார்.

பதினேழாம் நம்பரில் அந்த வேலை மச்சானுக்கே வந்தது. ஒரு பட்டனை ஒரு தடவை அழுத்தினால் கரிக்கட்டைகள் இரண்டு மில்லிமீட்டர் இறங்கும். நான்கு தடவை அழுத்தினால் நாற்பத்தெட்டு நாற்பதாகும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நடுவே நின்று பார்க்க வேண்டும். மச்சான் இறக்கிவிட்டு, உலோகத்தின் உயரத்தை அளக்க, உப்பு உறைந்து மூடியிருக்கிற மேல் ஓட்டில் துளை போட்டு, இடது கையால் கம்பியை உள்ளே விட்டார். கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி தொட்டியின் முனகல் ஏறி இறங்க ஆரம்பித்திருந்தது. அது என்ன என்று அவருக்குப் புரிவதற்குள் உள்ளேயிருந்த உலோகம் அந்தப் பக்கம் சாய்ந்து, துளை வழியாக ஒரு வாய் வெளியே துப்பியது. முழங்கையிலிருந்து விரல் வரை வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் மச்சான் சொன்ன முதல் வார்த்தை, "மாப்ளே, தொட்டிக்கு ஒண்ணும் ஆகலியே?"

மறுநாள் காலையிலேயே ஜோசியர் கணக்குக்கு ஒரு நகல் எடுத்து, அதில் மட்டும் பாகை நீக்கி, நேரத் துண்டைப் பாதியாக வெட்டி ஓட விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அது முடிந்தது. வெடித்துப்போன கணக்கில் ஆட்டம் வளர்ந்த கோட்டின் மேல் புதுக் கோட்டையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தியது. ஆடியது தொட்டிதான். கணக்கு ஐந்தாம் நாளே உண்மையைச் சொல்லியிருக்கிறது. கத்திச் சொல்லியிருக்கிறது. அவர்தான் அதன் வாயில் துணியைத் திணித்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஒருவன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். ஜோசியர் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

விபத்து விசாரணையின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் சட்டைப் பையில் அந்தப் படத்தை நான்காக மடித்து வைத்துக்கொண்டு திரிந்தார். வெள்ளிக்கிழமை விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சானின் இடது கை வெள்ளைத் துணியில் பச்சைக்குழந்தை மாதிரி மடியில் கிடந்தது.

"நாலு தடவைதான் அமுக்கினேன்னு சொல்லிட்டிருந்தேன் மாப்ளே. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

"நாலுன்னா நாலுதான் மச்சான்."

"நாலுன்னா நாற்பது. நாற்பது தாங்கும்னு நீ எழுதியிருக்கே. அப்புறம் எப்படி ஆடும்? நீயே சொல்லு, ஆடுமா?"

ஜோசியர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு தீயணைப்பு வாளி மாட்டியிருந்தது. அதில் மணலுக்குப் பதிலாக யாரோ பீடித் துண்டுகளைப் போட்டு நிரப்பியிருந்தார்கள்.

"பாத்தியா, உன்னாலயே சொல்ல முடியல" என்றார் மச்சான். "அப்ப அஞ்சுதான். பேச்சு சுவாரசியத்துல இன்னொண்ணு அமுக்கியிருப்பேன். எனக்கு எப்பவும் அவசரம். நீ மனசைப் போட்டு உழப்பிக்காத."

முதலில் ஜோசியரைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். ஒரே கேள்வி. நாற்பது மில்லிமீட்டர் தாங்குமா?

"கணக்குல தாங்குச்சு சார்" என்றார்.

அந்தப் பதிலில் பொய் ஒரு சொட்டுகூட இல்லை. அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அவர் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார். பொய் கலந்திருந்தால்கூடத் தேவலை என்றுதான் தோன்றும். பிறகு மச்சான் உள்ளே போய், ஐந்து தடவை அழுத்தியிருக்கலாம் என்று எழுதி, நல்ல கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

மச்சானைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். இடது கையில் இரண்டு விரல் ஒட்டியே போனது. அதைப் பற்றி அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை. "முள்கரண்டி மாதிரி வசதியா இருக்கு" என்று சிரிப்பார். அவரை மாற்றியது வேறொன்று. கதவைப் பூட்டினால் எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணி இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். மகள் வீட்டு லிஃப்ட்டில் ஏறினால் பட்டனை அடுத்தவரை அழுத்தச் சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். கையில் கண் இருக்கிறது என்று பெயர் வாங்கிய மனிதர்.

வீட்டில் ஜோசியரின் மனைவி துணி மடித்துக்கொண்டே சொல்வாள்: "அண்ணன் அன்னிக்குக் கொஞ்சம் நிதானமா இருந்திருக்கலாங்க. ஒரு நிமிஷம்."

"ம்" என்பார் ஜோசியர்.

அந்த 'ம்'களை எண்ணினால் ஒரு நோட்டு நிரம்பும். முதல் வருடம் சொல்லிவிடலாம் என்று இருந்தார். இரண்டாம் வருடத்திலிருந்து மச்சான் மகளின் படிப்பு முடியட்டும் என்று இருந்தார். பிறகு, சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. அது வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போனது. வளர்கிற ஆட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா? தனக்குள்ளேயும் பாகு சேர்த்துக்கொண்டார். நாள் முழுக்க எதுவும் துள்ளாமல் கிடந்தது.

ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது, கணக்கு முழுவதையும் புதுக் கணினிக்கு மாற்ற ஒரு பொறியாளர் வந்து சேர்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இந்த வேலையை வேறு இரண்டு ஆலைகளில் செய்துவிட்டு வந்தவள், ஜோசியரைவிட வேகம். ஒருநாள் காலை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"சார், இந்த எண் எதுக்கு? பக்கத்துல 'தற்காலிகம்'னு இருக்கு. தேதியைப் பாத்தா நான் அப்ப பள்ளிக்கூடத்துல படிச்சிட்டிருந்தேன்."

"அது... கெட்டிப்படுத்தறதுக்கு."

"எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன் சார். துண்டைப் பாதியாக்கியும் பாத்தேன். இப்பல்லாம் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடுதே." ரெண்டு மணி நேரம் என்று அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "நாற்பதுல தொட்டி ஆடுது சார். நிஜமாவே ஆடுமா?"

"ஆடும்."

"ஆடிச்சா?"

ஜோசியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆடிச்சும்மா."

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "எண்ணை எடுத்துடறேன் சார். எடுத்ததுக்குக் காரணம்னு ஒரு வரி எழுதணும். நீங்க எழுதறீங்களா, நான் எழுதட்டுமா?" என்றாள்.

அவரே எழுதினார். ஒரு வரி மூன்றாகி, அரை நாள் ஆனது. 'நாற்பது மில்லிமீட்டரில் வரும் ஆட்டம் உண்மையானது. இதைக் கணக்கின் பிழை என்று தவறாக எண்ணி நான் மறைத்தேன். பதினேழாம் தொட்டியில் நடந்ததற்கு அதை இயக்கியவர் காரணமல்ல.' அந்தக் குறிப்பு திங்கட்கிழமை எல்லா மேசைக்கும் போகும். அதற்கு முன், சனிக்கிழமை, மச்சான் வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

மச்சான் பால்கனியில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கையில் வாட்ச். ஓய்வு பெற்றதிலிருந்து தூங்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை. "வாங்க ஜோசியரே! என்ன, அதிசயமா மழை வரப்போகுதா? கட்டத்துல பாத்துட்டுதான் வந்தியா?"

"மச்சான், ஒரு விஷயம்."

"முகமே சரியில்லையே. தங்கச்சி திட்டிட்டாளா? அவ வாயைத் திறந்தாளா? அதைச் சொல்லு முதல்ல."

"அன்னிக்குக் கணக்குல நான் பாகு சேர்த்தேன்."

"என்ன பாகு? சர்க்கரைப் பாகா?"

ஜோசியர் சொன்னார். வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. ஆடுகிற தொட்டியும் உளறுகிற கணக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்பதை, திங்கட்கிழமையை, பாதித் துண்டை, அச்சாகப் பொருந்திய இரண்டு கோடுகளை. சொல்லும்போது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அங்கே இப்போது பஸ் டிக்கெட்தான் இருந்தது. மச்சான் நகவெட்டியை மடித்து ஜன்னல் திட்டில் வைத்தார்.

"எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை."

"எந்தச் செவ்வாய்?"

"நீங்க கையெழுத்துப் போட்ட வெள்ளிக்கு முந்தின செவ்வாய்."

கீழே தெருவில் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. வா வா வா என்று யாரோ கத்தினார்கள், நிறுத்து என்றார்கள். வெகு நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார் மச்சான்.

"பெஞ்சில பக்கத்துல உக்காந்திருந்தீங்களே" என்றார். "ஆடுமான்னு கேட்டேனே."

இருபத்தெட்டு வருடமாக ஜோசியரிடம் நீ, வா, போ என்றுதான் பேசிப் பழகிய வாய், இன்றைக்கு 'நீங்க' என்கிறது.

"என் பொண்ணு சின்னப் புள்ளையா இருக்கறப்ப என் முதுகுக்குப் பின்னால நின்னு எண்ணிக் காட்டுவா, நான் பூட்டறதைப் பாத்து. நானும் சிரிச்சிருக்கேன்." மச்சான் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கடையில் வாங்கலாமா வேண்டாமா என்று பொருளைப் பார்க்கிற மாதிரி. "சரி, அது கெடக்கட்டும். நாலா, அஞ்சா?"

"மச்சான்?"

"நான் அமுக்கினது. நாலா, அஞ்சா?"

"அது எந்தக் கணக்குலயும் இல்ல மச்சான். நாலுக்கே ஆடியிருக்கும். அது மட்டும்தான் தெரியும்."

"நாலுன்னு எனக்கு அன்னிக்குத் தெரியும்" என்றார் மச்சான். "நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் ஜோசியர் பக்கம் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். வலது கையைப் பால்கனிக் கம்பிக்கு நேராக நீட்டி, கட்டைவிரலால் இல்லாத பட்டனை ஒரு தடவை அழுத்தினார். நிறுத்தினார். காதைக் கொஞ்சம் சாய்த்து எதையோ கேட்டார். இன்னொரு தடவை. நிறுத்தினார். மூன்று. வெகு நேரம் நிறுத்தினார். நான்கு.

விரல் அங்கேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஜோசியர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொள்ளாமல் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளிப்படியில் இறங்கினார். முதல் திருப்பத்தில் ஏறிட்டுப் பார்த்தபோதும், கம்பிகளுக்கு நடுவே, அந்தக் கட்டைவிரல் அதே இடத்தில்தான் இருந்தது.